மார்ச், ஏப்ரலில் வெளிநாடு: வசந்தத்தின் தொடக்கத்தில் எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள், தமிழ்நாட்டிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில் வெளிநாடு போக நினைப்பவர்களுக்கான பதில்கள் இவை. விசா விதிகளும் கட்டணங்களும் மாறுபவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டின் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் நாட்டைத் தேர்ந்தெடுப்பதா, தேதியைத் தேர்ந்தெடுப்பதா?

தேதியை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாட்டை முடிவு செய்து, கிடைத்த விடுப்பில் டிக்கெட் எடுத்து, அங்கே போய் இறங்கியதும் மொட்டை மரங்களையோ உதிர்ந்த இதழ்களையோ பார்க்கிறார்கள்.

வசந்தம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், சமவெளியிலிருந்து மலை நோக்கியும் வாரக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். மார்ச்சில் ஸ்பெயினின் செவில் நகரில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும். அதே நாட்களில் ஆம்ஸ்டர்டாமில் 10 டிகிரியும் காற்றும் மழைத்தூறலும் இருக்கும். ஜப்பானின் வடகோடியில் உள்ள சப்போரோவில் தெருவோரம் பனி குவிந்து கிடக்கும். எனவே உங்கள் விடுப்பு எந்த வாரம் என்று உறுதியானதும், அந்த வாரம் வசந்தம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

என் கணக்கு இதுதான். மார்ச் முதல் பாதி என்றால் தென் ஸ்பெயின், மத்திய வியட்நாம், இலங்கையின் தென்மேற்குக் கரை. மூன்றாம் வாரம் என்றால் உஸ்பெகிஸ்தான். மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் உரியவை. ஏப்ரல் நடுப்பகுதி கிடைத்தால் நெதர்லாந்து.

ஜப்பானில் செர்ரிப் பூ பார்க்க எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?

இதற்குத்தான் அதிகமாகக் கேள்வி வருகிறது, எனவே விரிவாகவே சொல்கிறேன்.

டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு செர்ரி மரம் இருக்கிறது. வானிலைத் துறை அதிகாரி ஒருவர் வசந்தத்தில் அந்த மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, விரிந்த பூக்களை எண்ணுவார். சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள் காத்திருக்கும். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் டோக்கியோவில் பூக்காலம் தொடங்கியதாக அறிவிப்பார். நாலு பூ மட்டும் என்றால் கூட்டம் கலைந்து மறுநாள் மீண்டும் வரும். மரத்தில் எண்பது விழுக்காடு மலர்ந்துவிட்டால் அது முழு மலர்ச்சி. தொடக்கத்துக்கும் முழு மலர்ச்சிக்கும் இடையே ஒரு வாரம், அதன்பின் உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு வாரம். காற்றோ மழையோ வந்தால் அதுவும் குறையும்.

1991 முதல் 2020 வரையான சராசரிப்படி டோக்கியோவில் மார்ச் 24 அன்று பூக்கத் தொடங்கி மார்ச் 31 அன்று முழுமையாக மலர்கிறது. கியோட்டோவில் மார்ச் 26 தொடக்கம், ஏப்ரல் 4 முழு மலர்ச்சி. ஆனால் சராசரியை அப்படியே நம்ப முடியாது. அந்த யாசுகுனி மரம் 2023-இல் மார்ச் 14 அன்றே பூத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 29 வரை காக்க வைத்தது. கியோட்டோவில் 2021-இல் மார்ச் 26 அன்றே முழு மலர்ச்சி வந்துவிட்டது. ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதுவரை அவ்வளவு முன்னதாக வந்ததில்லை.

எனவே பத்து நாள் விடுப்பு இருந்தால் மார்ச் 27 முதல் ஏப்ரல் 5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவையும் கியோட்டோவையும் இரு முனைகளாக வைத்தால் ஏதாவது ஒன்றில் பூ கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஐந்து நாள்தான் விடுப்பு, தேதியும் மாற்ற முடியாது என்பவர்களை ஜப்பானை வேறொரு பருவத்துக்குத் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொள்வேன். இலையுதிர்காலத்து ஜப்பான் அழகில் சற்றும் குறைந்ததல்ல, நிறம் மாறும் இலைகள் மரத்தில் கூடுதல் நாட்கள் நிற்கவும் செய்யும்.

போய் இறங்கும்போது பூ உதிர்ந்திருந்தால்?

மலையேறுங்கள், அல்லது பின்னால் பூக்கும் வகையைத் தேடுங்கள். நாம் படங்களில் பார்க்கும் வெளிர் இளஞ்சிவப்புச் செர்ரி பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்ற ஒரே வகை. ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்டதால் ஓர் ஊரின் மரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டிவிடுகின்றன. ஆனால் கியோட்டோவின் நின்னாஜி கோயிலில் உள்ள குட்டைச் செர்ரி மரங்கள் ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பூக்கும். ஒசாகா நாணயச்சாலை வளாகத்தில் அடுக்கிதழ்ச் செர்ரிகளைப் பார்க்கப் பொதுமக்களை அனுமதிப்பதும் அந்த நேரத்தில்தான்.

நாரா மாநிலத்து யோஷினோ மலை இன்னும் நல்ல வழி. சுமார் 30,000 மரங்கள் கொண்ட அந்த மலையில் அடிவாரத்தில் தொடங்கும் மலர்ச்சி உச்சிக்குப் போய்ச்சேர வாரங்கள் ஆகும். அடிவாரம் கொட்டியிருந்தால் ஒரு மணி நேரம் மேலே நடந்தால் போதும்.

மாறாக, நீங்கள் சீக்கிரமாகப் போய்விட்டால் இசு தீபகற்பத்தில் உள்ள கவாசு ஊரைப் பாருங்கள். அங்கே பிப்ரவரியிலேயே பூக்கத் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை அடர் இளஞ்சிவப்புச் செர்ரி ஆற்றங்கரை நெடுக இருக்கும்.

தென் கொரியா ஜப்பானுக்கு மாற்றாகுமா?

பூவுக்கு ஆகும். ஜின்ஹே நகரில் மார்ச் இறுதியை ஒட்டி நடக்கும் செர்ரித் திருவிழா பெரியது, கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். வசந்தத்தில் கோபிப் பாலைவனப் பக்கமிருந்து மஞ்சள் தூசி வீசும் நாட்கள் உண்டு. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் முகக்கவசம் எடுத்துச் செல்லுங்கள்.

மார்ச் கடைசியில் நெதர்லாந்து போனால் துலிப் வயல் பார்க்கலாமா?

பூங்காவைப் பார்க்கலாம்; வயலைப் பார்ப்பது கடினம். லிஸ்ஸே ஊரில் உள்ள கூக்கன்ஹோஃப் பூங்கா மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டித் திறந்து மே நடுப்பகுதிக்கு முன் மூடிவிடும். 32 ஹெக்டேரில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளை இலையுதிர்காலத்தில் கையால் நடுகிறார்கள். மார்ச் இறுதியில் வெளியே உங்களுக்குக் கிடைப்பவை குரோக்கஸ், டாஃபடில், மணம் வீசும் ஹையசிந்த் ஆகியவை. துலிப்கள் கண்ணாடிக் கூடங்களுக்குள் இருக்கும்.

விளம்பரப் படங்களில் வரும் சிவப்பு, மஞ்சள், ஊதாப் பட்டைகள் வயல்களில் விரிவது பொதுவாக ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு. அதுவும் நெடுநாள் நிற்காது. விவசாயிக்கு விற்பனைப் பொருள் பூ அல்ல, கிழங்கு. கிழங்கு பருக்கட்டும் என்று பூத்த சில நாட்களில் எந்திரத்தால் பூத்தலைகளை வெட்டிவிடுவார்கள். வெட்டிய மறுநாள் போனால் வரப்போரம் குவிந்த இதழ்களைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரல் 27 அரசர் தினம், அன்று ஆம்ஸ்டர்டாம் நகருக்குள் நகர இடமிருக்காது.

ஐரோப்பாதான் போக வேண்டும், மார்ச்சில்தான் விடுப்பு. குளிரில்லாத இடம்?

ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியா. செவில், கோர்தோபா, கிரானடா மூன்றும் ரயிலில் இணைந்தவை. செவிலின் தெருவோர மரங்கள் பெரும்பாலும் கசப்பு ஆரஞ்சு மரங்கள். மார்ச் நடுவிலிருந்து அவை பூக்கும்போது நம் ஊர் நாரத்தை, எலுமிச்சைப் பூவின் மணம் நகரம் முழுவதும் இருக்கும். குறிப்பாக மாலையில், வெயில் இறங்கியதும் சந்துகளில் அந்த மணம் தங்கிவிடுகிறது. இதைப் படம் பிடிக்க முடியாததால் பயண விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது ஒன்றே மார்ச்சில் செவில் போகப் போதுமான காரணம்.

மார்ச் 15 முதல் 19 வரை கிழக்குக் கரையில் உள்ள வலென்சியாவில் ஃபாயாஸ் விழா நடக்கும். பல மாடி உயரப் பொம்மைகளைத் தெருச் சந்திப்புகளில் நிறுத்தி, கடைசி இரவில் எரித்துவிடுவார்கள். வெடிச்சத்தம் அதிகம்; கைக்குழந்தையோடு போகாதீர்கள்.

ஈஸ்டர் தேதியை மட்டும் மறக்காமல் பாருங்கள். 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. அதற்கு முந்தைய புனித வாரத்தில் செவிலில் இரவு பகலாக ஊர்வலங்கள் நடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே போகலாம், ஆனால் விடுதி வாடகை பல மடங்காகும், தெருக்கள் அடைபடும். ஊர் சுற்றிப் பார்ப்பது நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

ஸ்பெயின், நெதர்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா இது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள்; பரிசீலனை 45 நாள் வரை நீளலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் பயணத்துக்கு டிசம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களின் நெரிசல் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

உஸ்பெகிஸ்தானை அடிக்கடி பரிந்துரைக்கிறீர்கள். அப்படி என்ன இருக்கிறது?

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒருவருக்கு ஏழு நாள் இருந்தால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். இங்கே வசந்தம் தேதி தவறாது. பாதாம் மரம் முன்பின் பூக்கலாம், ஆனால் நவ்ரூஸ் மார்ச் 21 அன்று வந்தே தீரும். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளை ஒட்டிய புத்தாண்டு அது. ஈரானிலிருந்து மத்திய ஆசியா வரை கொண்டாடப்படுவது. உஸ்பெகிஸ்தானில் அரசு விடுமுறை.

அந்த நாட்களில் சுமலக் காய்ச்சுவதைப் பாருங்கள். முளைவிட்ட கோதுமையை அரைத்துச் சாறெடுத்து, மாவும் எண்ணெயும் சேர்த்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஏற்றுவார்கள். சர்க்கரை போடுவதில்லை, இனிப்பெல்லாம் முளைக்கோதுமையிலிருந்து வருவது. அடிப்பிடிக்காமல் இருக்கக் கழுவிய கூழாங்கற்களை உள்ளே போடுவார்கள். தெருப் பெண்கள் முறை வைத்து இரவு முழுவதும் துடுப்பால் கிண்டுவார்கள், பாடுவார்கள். விடிந்ததும் பழுப்பு நிறக் களியாக இறக்கிக் கிண்ணம் கிண்ணமாகப் பகிர்வார்கள். கிண்ணத்தில் கூழாங்கல் வந்தவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம், அது பலிக்கும் என்பது நம்பிக்கை. பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டாருக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும்.

ஊர்களைப் பொறுத்தவரை சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு இரண்டு முறை போங்கள், காலையில் ஒரு முறை, விளக்கு போட்ட பிறகு ஒரு முறை. மூன்று பக்கமும் நிற்கும் மதரசாக்களில் (இஸ்லாமியக் கல்விக்கூடங்கள்) பழையது தைமூரின் பேரன் உலூக் பெக் கட்டியது, 1420-இல் முடிந்தது. மற்ற இரண்டும் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புகாராவில் 1127-இல் எழுந்த கல்யான் மினார் இன்றும் ஊருக்கு மேலே நிற்கிறது. தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா மூன்றையும் அஃப்ரோசியோப் விரைவு ரயில் இணைக்கிறது. விழா வாரத்தில் அந்த டிக்கெட்டுகள் விரைவில் தீரும். விமான டிக்கெட் எடுத்ததும் அடுத்து ரயில் டிக்கெட்டைக் கவனியுங்கள். கீவா என்ற பழைய நகரம் தொலைவில் இருக்கிறது, ஏழு நாளில் அதைச் சேர்த்தால் ரயிலிலேயே பொழுது போய்விடும்.

குறையையும் சொல்ல வேண்டும். சமர்கண்டில் மார்ச் மழை மாதம். பகலில் 14, 15 டிகிரி, இரவில் ஐந்தை ஒட்டி இறங்கும். சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் போவது வழக்கம். இ-விசா இணையத்தில் விண்ணப்பித்துப் பெறக்கூடியது.

ரமலான் மாதத்தில் முஸ்லிம் நாடுகளுக்குப் போகலாமா?

போகலாம். பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், மாலைக்குப் பிறகு தெருக்கள் உயிர் பெறும். அந்த மாலைகளுக்காகவே போகிறவர்களும் உண்டு. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால், 2027-இல் மார்ச் 9 அளவில் முடிந்துவிடும். 2028 முதல் மார்ச், ஏப்ரல் இரண்டையும் விட்டு விலகிவிடும். எகிப்துக்குத் திட்டமிடுபவர்கள் ரமலானைவிடக் கம்சின் காற்றைப் பற்றி யோசியுங்கள். மார்ச்சிலிருந்து மே வரை அவ்வப்போது மணற்புயலாக வீசும். எகிப்து குளிர்காலத்துக்கு ஏற்ற நாடு.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. எங்காவது போக முடியுமா?

நேபாளத்துக்கும் பூடானுக்கும் வாக்காளர் அடையாள அட்டையோடு போகலாம். ஆதார் அட்டையை நம்பிப் புறப்படாதீர்கள்.

நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ், அதாவது செந்நிற ரோடோடென்ட்ரான், மார்ச்சிலும் ஏப்ரலிலும் பூக்கிறது. இது செடியல்ல, ஓங்கிய மரம். கோரேபானி வழியாக 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் மலைக்கு நடக்கும் பாதையில் காடே சிவந்து கிடக்கும். பழக்கமில்லாதவர்களும் நான்கைந்து நாளில் நடக்கக்கூடிய பாதை. ஏப்ரலில் காட்டுத்தீப் புகையால் சிகரங்கள் மங்கும். சிகரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் மார்ச்சிலேயே போய்விடுங்கள், அதிகாலையிலேயே பாருங்கள்.

பூடானில் பாரோ செச்சு விழா மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். கடைசி நாள் விடியுமுன் மிகப் பெரிய துணிச் சித்திரம் ஒன்றை விரிப்பார்கள். வெயில் அதன்மீது படுமுன் சுருட்டிவிடுவார்கள். இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய் நீடித்த வளர்ச்சிக் கட்டணம் உண்டு.

இலங்கை?

மார்ச் வரை தென்மேற்குக் கரை நன்று. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் ஏப்ரலில் முடிகிறது, சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் மே மாதப் பௌர்ணமி வரைதான். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. அந்த வாரம் கடைகள் மூடியிருக்கும், நுவரெலியாவில் கூட்டம் நிரம்பி வழியும். உறவினர் வீடு இருந்தால் அந்த வாரமே போங்கள், விடுதியில் தங்குவதானால் தவிருங்கள். திருகோணமலைக் கடற்கரையை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தும் வியட்நாமும் எல்லா மாதமும் போகலாம் என்கிறார்களே?

தாய்லாந்தின் வடக்கே, குறிப்பாகச் சியாங் மாயில், மார்ச்சும் ஏப்ரல் தொடக்கமும் புகைக்காலம். வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் எதிரே நிற்கும் மலையே தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஃபூக்கெட், கிராபி பக்கம் கடல் அமைதியாக இருக்கும், வெயில் நம் ஊர் போலவே.

வியட்நாமை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஹனோய் பக்கம் மார்ச்சில் நசநசவென்று தூறல், ஹாலோங் விரிகுடாவில் மூடுபனி. தெற்கே ஹோசிமின் நகரில் கொதிக்கும். நடுவே தா நாங், ஹோய் ஆன் பகுதி மட்டும் மழையற்று இதமாக இருக்கும். முழு நாட்டையும் ஒரே பயணத்தில் சுற்றிக் காட்டும் தொகுப்புகளை மார்ச்சில் நான் பரிந்துரைப்பதில்லை.

குழந்தைகளுக்கு மார்ச், ஏப்ரலில் பரீட்சை. என்ன செய்வது?

பரீட்சை முடியட்டும், நீங்கள் வடக்கே நகர்ந்துகொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் டோக்கியோவில் பச்சை இலைகள்தான் இருக்கும். ஆனால் வட ஜப்பானின் ஹிரோசாகி கோட்டையில் செர்ரி அப்போதுதான் முழுமையாக மலரும், சப்போரோவில் மே தொடக்கம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை என்பதால் ரயிலும் விடுதியும் முன்கூட்டியே பதிவாகிவிடும்.

என்ன உடை எடுத்துச் செல்வது?

ஒரே ஒரு தடித்த ஜெர்க்கின் வேண்டாம். வசந்தத்தின் தொடக்கத்தில் காலை 5 டிகிரியும் பிற்பகல் 16 டிகிரியும் ஒரே நாளில் வரும். உடலோடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய மேல்சட்டை. வெயில் ஏற ஏறக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் காற்று குடையைத் திருப்பிவிடும், தலைமூடி உள்ள மழைச்சட்டைதான் உதவும். புதுச் செருப்பையோ காலணியையோ விமான நிலையத்தில் முதன்முதலாக அணியாதீர்கள்.

தூசி, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் ஜப்பான் போகலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்தேவைக்காக ஜப்பான் மலைகளில் சுகி என்ற ஊசியிலை மரத்தைப் பெருமளவில் நட்டார்கள். அவை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மகரந்தத்தைக் கொட்டுகின்றன. ஜப்பானியர்களிலேயே ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் இதனால் தும்மிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு வழக்கமான மாத்திரையைச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் எங்கே சமாளிக்கலாம்?

நேபாளத்தில் பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும், இலங்கையிலும் கவலையில்லை. ஸ்பெயினில் சமாளிக்கலாம். ஜப்பானில்தான் கவனம் வேண்டும். தெளிந்த சாற்றில் வெங்காயத்தாள் மட்டும் மிதக்கும் உடோன் நூடுல்ஸ் சைவமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சாறு காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுத்தது. இலங்கைச் சமையலில் சேரும் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "மீன் சாறும் வேண்டாம்" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவின் புத்தக் கோயில்களை ஒட்டி முழுச் சைவ விருந்து தரும் உணவகங்கள் இருக்கின்றன, விலை சற்றுக் கூடுதல்.

உஸ்பெகிஸ்தானில் சோறே ஆட்டிறைச்சியோடுதான் வரும். ஆனால் மார்ச்சில் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அப்போது முளைத்துவரும் கீரைகளை வைத்துச் சுட்ட பச்சைச் சம்சாவை (நம் சமோசா போன்றது) சந்தைகளில் விற்பார்கள். வாங்குமுன் உள்ளே ஆட்டுக்கொழுப்புச் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டி, தக்காளி வெங்காயப் பச்சடி, தயிர், பழங்கள் எப்போதும் கிடைக்கும்.